வாய் வைக்காத மனிதர்

ஜூன் 10, 2025. செவ்வாய்

பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம்தான் ஆகிறது, அதற்குள் தொண்டை கட்டிவிட்டது. என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போன வருஷக் கணக்கு ஒன்றுகூட நினைவில் இல்லை.

சாயங்காலம் என்னோடு வேலை பார்க்கிற விஜயஸ்ரீ டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பாவம், அவளுக்கு எங்கள் வீட்டு வழக்கம் தெரியாது. காப்பித் தம்ளரை வாயில் வைத்து உறிஞ்சிக் குடித்துவிட்டாள். இவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் தெருமுனை திரும்புவதற்குள் அந்தத் தம்ளர் கொல்லைப்புறத்துக்குப் போய்விட்டது. இனி அதில் செடிக்குத்தான் தண்ணீர்.

“எங்க வீட்ல யாரும் வாய் வச்சுக் குடிச்சதில்ல. தெரியும்லா?” என்றார்.

தெரியும். கல்யாணமான மறுநாள் இதே குற்றத்தைச் செய்து இதே தீர்ப்பை வாங்கியவள் நான். அன்றிலிருந்து அண்ணாந்துதான் குடிக்கிறேன், கொதிக்கிற காப்பியைக்கூட. துணை வட்டாட்சியர் கோமதிசங்கர் அவர்களின் ஆசாரம் அப்படி. தாசில்தார் பதவி உயர்வுப் பட்டியலில் இவர் பெயர் இருக்கிறதாம். பதவி வந்தால் ஆசாரமும் ஒரு படி உயரும், கொல்லையில் தம்ளர்களும் பெருகும்.

ஜூன் 14. சனி

இவர் முக்கூடலுக்கு வயல் பார்க்கப் போயிருக்கிறார். வயலை விற்று வருஷங்கள் ஆகின்றன. விற்ற வயலை இவ்வளவு அக்கறையாகப் போய்ப் பார்க்கிற மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. திரும்பும்போது மகள் சுப்ரஜாவை டியூஷனிலிருந்து காரில் கூட்டி வருகிறாராம்.

ஜூன் 15. ஞாயிறு

நேற்று நான் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது சுப்ரஜாவிடமிருந்து போன். “அம்மா, ஆட்டோ பிடிச்சு ஸ்டேஷனுக்கு வா.” எந்த ரயில்வே ஸ்டேஷனுக்கு என்று நான் கேட்டேன். என் அறிவு அவ்வளவுதான்.

நடந்தது இது. வண்ணார்பேட்டையில் போலீஸ் வண்டிகளை நிறுத்திச் சோதனை செய்துகொண்டிருந்தது. மைதீன் பாத்திமா என்ற ஏட்டம்மா கருவியை நீட்டி, “ஊதுங்க சார்” என்றிருக்கிறார். இவர் கண்ணாடியைப் பாதி இறக்கி, “நான் யாருன்னு தெரியுமா?” என்றிருக்கிறார். அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தபோதும் ஊதத்தான் சொல்லியிருக்கிறார்.

“ஊரான் எச்சில்ல நான் வாய் வைக்க மாட்டேன்.”

“எச்சில் இல்ல சார், புதுக் குழாய். ஊதலேன்னா அரெஸ்ட் பண்ண வேண்டி வரும்.”

“பண்ணிப் பாருங்க.”

பண்ணிப் பார்த்தார்கள்.

அடுத்து அரசு ஆஸ்பத்திரி. ரத்தம் எடுக்கலாம் என்றபோது ஊசி என்றால் மயக்கம் வரும் என்று கையை மடக்கிக்கொண்டாராம். ஆக, மூச்சும் கொடுக்கவில்லை, ரத்தமும் கொடுக்கவில்லை. டாக்டர் தன் மூக்கை நம்பி, சாராய வாடை அடிப்பதாக எழுதிவிட்டார். இவருடைய நண்பர் சிவசைலம் வந்து ஜாமீன் கையெழுத்துப் போட்டு அழைத்து வந்தார். அவர் வாயிலும் ஏலக்காய்.

வீட்டுக்கு வந்ததும் நான் தண்ணீர் கொடுத்தேன். அண்ணாந்து குடித்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

ஜூன் 16. திங்கள்

நாத்தனார் சொர்ணாம்பாள் போனில்: “எங்கண்ணன் பொறந்ததுலேர்ந்து தம்ளர்லகூட வாய் வச்சதில்ல. அவனப் போயி குழாயில வாய் வைக்கச் சொன்னா என்ன நியாயம்? நீ பக்கத்துல இருந்திருந்தா எடுத்துச் சொல்லிருக்கலாம்லா.” ஆமாம். தவறு முழுக்க என்னுடையது. நான் வீட்டில் மாவு கரைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 18. புதன்

வக்கீல் அருணாசலம் வந்தார். வெற்றிலை போட்டுக்கொண்டே நிதானமாக விளக்கினார். குடித்துவிட்டு ஓட்டியதாகத்தான் வழக்கு. நியாயமான காரணம் இல்லாமல் ஊத மறுத்தால், அந்த மறுப்பே போலீஸ் தரப்புக்குச் சாட்சியாக நிற்குமாம். ஊதியிருந்தால் ஒரு எண். ஊதாததால் எண்ணும் இல்லை, எதிர்த்து வாதாட எதுவும் இல்லை. கேஸ் முடிகிறவரை பதவி உயர்வும் நிற்கும். லைசென்சுக்கும் ஆபத்து.

“அப்போ நியாயமான காரணம் ஒண்ணு வேணும்,” என்றார் இவர், கடையில் உளுந்து கேட்கிறவர்போல.

வக்கீலின் முதல் யோசனை, மூட்டுவலிக்கு அரிஷ்டம் குடித்தார் என்பது. வாடைக்கு அது பதில். எச்சில் என்பதால் ஊதவில்லை என்பது இரண்டாவது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல முடியாதா என்று இவர் கேட்டார். அரிஷ்டத்தை ஒப்புக்கொண்டால் வயிற்றில் ஏதோ இருந்தது என்று ஆகிவிடும் என்றார் வக்கீல். கடைசியில் எச்சில் ஜெயித்தது. தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம், மீற முடியவில்லை. சாட்சி யார்? கூடவே வாழ்கிற மனைவி. பள்ளி ஆசிரியை. சொன்னால் நீதிமன்றம் நம்பும்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஜூன் 22. ஞாயிறு

நேற்றுச் சனிக்கிழமை. இவர் வயல் பார்க்கப் போகவில்லை. வயலுக்கு என்ன ஆயிற்றோ.

ஒரு விஷயத்தை இந்த நோட்டில் எழுதாமல் இருப்பதில் அர்த்தமில்லை. சனிக்கிழமைதோறும் வீட்டுக்குள் வந்ததும் யாரிடமும் பேசாமல் நேரே குளியலறை. வாயில் ஏலக்காய். நான் கணக்கு டீச்சர், இரண்டையும் கூட்டத் தெரியும். கேட்டதில்லை. கேட்டால் பதில் வரும், அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் எங்கே போவது? வாரம் ஒரு நாள்தானே, சத்தம் போடவில்லை, அடிக்கவில்லை, பக்கத்து வீட்டுக்குத் தெரியாது – இப்படிச் சொல்லிச் சொல்லியே ஓட்டியாகிவிட்டது.

இன்று சுப்ரஜா தலை பின்னிக்கொள்ள என் முன்னால் உட்கார்ந்தாள். முகத்தைக் காட்டாமல் பேசினாள்.

“அம்மா, அது புதுக் குழாய்தான். அந்த அக்கா என் கண்ணு முன்னாலதான் பாக்கெட்டக் கிழிச்சாங்க.”

“சரி.”

“கொக்கிரகுளம் பாலத்துல வண்டி ரெண்டு தடவ கைப்பிடிச் சுவர் பக்கமாப் போச்சும்மா. நான் அப்பான்னு கத்துனேன். அப்பா சிரிச்சாங்க.”

சீப்பு கையில் அப்படியே நின்றது. ஆத்துல தண்ணி கெடந்ததா இல்லையான்னு யோசிக்கேன் – என்னத்துக்கு அத யோசிக்கேன்? தண்ணி இருந்தா என்ன, பாறை இருந்தா என்ன. எம்பிள்ள அதுக்குள்ள இருந்தா. நான்தான சொல்லி விட்டேன், அப்பா கூட்டியாருவாங்கன்னு. சனிக்கிழமைன்னு தெரியாதா எனக்கு? தெரியும். எல்லாம் தெரியும்.

இனி அந்தக் காரில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பின்னலை மூன்று தடவை அவிழ்த்துப் போட்டேன்.

ஜூலை 8. செவ்வாய்

ஆனித் தேர். இவர் வருஷாவருஷம் முதல் ஆளாக வடம் தொடுவார். இந்த வருஷம் கூட்டம் அதிகமாம், மூச்சு முட்டுமாம். மூச்சைப் பற்றி இவர் பேசாமல் இருக்கலாம்.

ஜூலை 19. சனி

ஸ்டேஷனிலிருந்து விடுவித்துக் கொண்டுவந்ததிலிருந்து கார் வாசலில் தூசியோடு நிற்கிறது. லைசென்சை ஏன் நிறுத்தி வைக்கக் கூடாது என்று ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து நோட்டீஸ். இவர் இப்போது ஆபீசுக்கு டவுன் பஸ்ஸில் போகிறார். கம்பியைப் பிடிக்கக் கர்சீப் வைத்திருக்கிறார், ஊரார் கைபட்ட கம்பி அல்லவா.

சுப்ரஜா திடீரென்று கேட்டாள்: “நீ கோர்ட்ல என்ன சொல்லப் போற?”

“அப்பா வாய் வச்சுக் குடிக்க மாட்டாங்கன்னு.”

“அது நெசந்தான்,” என்றாள். “வேற?”

பள்ளிக்கூடத்தில் காப்பி அடித்த பிள்ளைகளை வெளியே நிறுத்தி உண்மையின் மேன்மை பற்றி நான் எடுக்கிற வகுப்பு ரொம்பப் பிரசித்தம். அதில் ஒரு வரியும் அப்போது உதவிக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 3. ஞாயிறு

டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருக்கிறேன். வீட்டில் சொன்னபோது இவர், “இந்த வயசுலயா?” என்றார். நான், “ஆமா, எனக்கு லைசென்ஸ் கெடைக்கும்” என்றேன்.

ஆகஸ்ட் 9. சனி

கிளட்ச் என்று ஒன்றைக் கண்டுபிடித்தவனுக்கு என்னதான் கோபமோ. பாளையங்கோட்டை மைதானத்தை ஒட்டி வண்டி நின்று நின்று போனது. பின்னாலிருந்து ஒரு பால்காரர், “பைய போங்கம்மா, ஒண்ணும் அவசரமில்ல” என்றார். இந்த ரெண்டு மாதத்தில் எனக்கு ஒருவர் சொன்ன நல்ல வார்த்தை அதுதான்.

செப்டம்பர் 14. ஞாயிறு

இன்று ஒத்திகை. வக்கீல் நாற்காலியில் உட்கார்ந்தார், நான் நின்றேன். இவர் ஊஞ்சலில். சுப்ரஜா அறைக்குள் படிப்பதாகப் பேர், கதவு மூடியிருக்கவில்லை.

“டீச்சர், ரெண்டே வார்த்த. சார் எதுலயும் வாய் வைக்க மாட்டாரு. சார் குடிக்க மாட்டாரு. அவ்வளவுதான். இறங்கி வந்துரலாம்.”

“மொத வார்த்தயச் சொல்லுதேன்,” என்றேன்.

“ரெண்டாவது?”

“அதக் கேக்காதிய. கேட்டா, சனிக்கிழமையப் பத்திச் சொல்லுவேன். பாலத்தப் பத்தியும் சொல்லுவேன்.”

ஊஞ்சல் நின்றது. வக்கீல் வெற்றிலையைத் துப்ப வெளியே போனார், ரொம்ப நேரம் துப்பினார்.

இவர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக் கேட்டார்: “எத்தன நாளாத் தெரியும்?”

“வயல வித்த பொறவு வந்த மொத சனிக்கிழமையிலேர்ந்து.”

“அப்போ ஏன் கேக்கல?”

“அண்ணாந்து குடிக்கச் சொன்னிய, குடிச்சேன். கேக்கச் சொல்லலயே.”

கிண்டலாகத்தான் சொன்னேன், குரல் உடைந்துவிட்டது. தாசில்தார் பதவி போய்விடும் என்றார். போகும் என்றேன். ஊர் சிரிக்கும் என்றார். எம்பிள்ள ஆத்துல கெடந்திருந்தா ஊர் அழுதிருக்கும், அது பரவால்லயா என்று கேட்டேன்.

வக்கீல் திரும்பி வந்து, சாட்சிப் பட்டியலில் என் பெயர் வேண்டாம் என்றார். “ஒப்புக்கிட்டு அபராதத்தக் கட்டிருவோம் சார். டீச்சர் கூண்டுல ஏறுனா நமக்கு நல்லதில்ல.” என் ஆசிரியப் பணிக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

செப்டம்பர் 15. திங்கள்

காலையில் என் டிபன் பாக்ஸுக்குள் ஒரு மிட்டாய். சுப்ரஜா வைத்தது. கதவு மூடியிருக்கவில்லை அல்லவா.

அக்டோபர் 16. வியாழன்

கோர்ட். மரத்தடியில் காத்திருந்தவர்களில் பாதிப் பேர் இதே வழக்குக்காரர்கள். ஒரு லோடுமேன் இவர் பக்கத்தில் வந்து, “அண்ணாச்சி, உங்களுக்கு எவ்வளவு காட்டுச்சு?” என்று உரிமையோடு விசாரித்தார். ஊதவே இல்லை என்றார் இவர். லோடுமேன் வருத்தத்தோடு பார்த்தார். “ஊதிருக்கலாம்லா அண்ணாச்சி. இப்ப எவ்வளவுன்னே தெரியாமப் போச்சே.”

உள்ளே எல்லாம் சீக்கிரமே முடிந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா? ஒப்புக்கொள்கிறேன். வண்டியில் யார் இருந்தார்கள் என்று நீதிபதி கேட்டார். “என் மகள்,” என்றார் இவர். அவ்வளவு மெதுவாக இவர் பேசி நான் கேட்டதில்லை. கடுமையான எச்சரிக்கை, அபராதம். லைசென்சை ஏற்கெனவே ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆறு மாதம் நிறுத்தியாகிவிட்டது.

வெளியே வந்ததும் பானையிலிருந்து தண்ணீர் எடுத்து அண்ணாந்தார். குறி தப்பிச் சட்டையெல்லாம் தண்ணீர். பாவமாக இருந்தது. திட்டியதையெல்லாம் எழுதினேன், இதையும் எழுதத்தான் வேண்டும். முந்தானையால் துடைத்துவிட்டேன்.

நவம்பர் 5. புதன்

தாசில்தார் பட்டியல் வந்தது. இவருக்குக் கீழே இருந்த நடராஜ் தாசில்தார் ஆகிவிட்டார். வீட்டுக்கு வந்து ஸ்வீட் கொடுத்தார், தண்ணீரைத் தம்ளரில் வாய் வைத்துக் குடித்தார். தம்ளர் கொல்லைக்குப் போகவில்லை. கொண்டுபோகத் தெம்பில்லை போலும்.

நவம்பர் 22. சனி

லைசென்ஸ் வந்துவிட்டது. போட்டோவில் நான் குற்றவாளிபோல இருக்கிறேன்.

ஜனவரி 10, 2026. சனி

நாங்குநேரியில் கல்யாணம். காரை நான்தான் ஓட்டினேன். சுப்ரஜா வாசலில் கொஞ்சம் நின்றாள், பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டாள். நான் அதைக் கவனிக்காததுபோல் கண்ணாடியைச் சரி செய்தேன். இவர் என் பக்கத்தில். வழிநெடுக மூன்றாவது கியர், நாலாவது கியர் என்று முனகிக்கொண்டே வந்தார். சனிக்கிழமைகளில் இப்போது வீட்டில்தான் இருக்கிறார். எத்தனை நாளைக்கு என்று எனக்குத் தெரியாது. இனிமேல் கேட்பேன்.

திரும்பும்போது வண்ணார்பேட்டையில் சோதனை. அதே ஏட்டம்மா. எங்களை அடையாளம் தெரிந்ததோ என்னவோ, காட்டிக்கொள்ளவில்லை. என் கண் முன்னால் பாக்கெட்டைக் கிழித்துப் புதுக் குழாயை மாட்டினார்.

“ஊதுங்கம்மா.”

இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் குழாயில் வாய் வைத்து ஊதினேன். ஒரு மூச்சு, அவ்வளவுதான் வேலை. இதற்காகவா இத்தனை.

“சைபர். போங்கம்மா.”

பின்சீட்டில் சுப்ரஜா சிரிப்பை அடக்குவது கேட்டது. பாலத்தில் வண்டியைப் பைய ஓட்டினேன்.

வீட்டுக்கு வந்து காப்பி போட்டேன். இவருக்கு ஆற்றிக் கொடுத்துவிட்டு, என் தம்ளரை எடுத்து வாயில் வைத்து உறிஞ்சினேன். இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தன் தம்ளரை அண்ணாந்தார். தம்ளரில் வாய் வைத்துக் குடித்தால் காப்பி மணம் மூக்குக்கு இவ்வளவு பக்கத்தில் வரும் என்பது இத்தனை வருஷத்தில் எனக்கு மறந்தே போயிருந்தது.