மாடியறையிலிருந்து வந்த காய்ச்சல்

அன்புச் சிட்டுவுக்கு,

நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை, போன மாதம் எழுதியிருந்தால் முழுப் பொய்யாக இருந்திருக்கும். போனில் அம்மா உன்னிடம் அப்பாவுக்குச் சளி என்று சொன்னாளே, அது சளி இல்லை. விஷயம் தெரிந்தால் போட்டது போட்டபடி விமானம் ஏறிவிடுவாய் என்று மறைத்தோம். இப்போது எல்லாம் சரியாகி, ஜன்னலோரம் கால் நீட்டி உட்கார்ந்து எழுதுகிறேன், அதனால் திட்டாமல் படி.

கீழே கூடத்துக்குப் பெயிண்ட் அடிக்க நெட்டையைக் கூப்பிட்டிருந்தேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் வீடில்லாதவர்கள் தங்கும் விடுதியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கிழிந்த துணி தைத்துக் கொடுக்கிறேன் இல்லையா, அங்கே தங்கியிருக்கும் பெயிண்டர் அவர். ஏணி போடாமலே விட்டத்தைத் தொடுவார், பேச ஆரம்பித்தால் சுவர் காய்ந்துவிடும். பெயிண்ட் வாடை எனக்கு ஆகாது என்று தையல் மிஷினை மாடியிலிருக்கும் பழைய சாமான் அறைக்குத் தூக்கிப் போனோம். வேலை முடியும்வரை நானும் அவரும் அங்கேயே படுத்துக்கொண்டோம். அம்மாவுக்கு ஆய்வகத்தில் எதையெதையோ முகர்ந்து மூக்கு மரத்துப்போய்விட்டது, அவள் கீழேயே நிம்மதியாகத் தூங்கினாள்.

கூடம் பளபளவென்று ஆனது, நான்தான் வெளிறிப்போனேன். திடீரென்று காய்ச்சல், எலும்பை யாரோ முறுக்கிப் பிழிகிற மாதிரி வலி. சில நாளில் வியர்த்துக் கொட்டி விட்டுப்போனது. ஆளே புதுசாகிவிட்டேன் என்று தையல் கடையைத் திறந்து உட்கார்ந்தேன், ஒரு வாரம்கூட ஆகவில்லை, விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. விடுதியில் நெட்டைக்கும் அதே கதை என்று காப்பாளர் போன் செய்தார். இருவரையும் ஒரே ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள். ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்ததில் மெல்லிய சுருள் கம்பி மாதிரி கிருமிகள் நெளிந்தனவாம். டாக்டர் நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார், விடுதித் துணிகளைத் தைப்பதைச் சொன்னேன். அப்படியானால் துணித் தையலுக்குள் ஒளிந்திருக்கும் பேனிலிருந்து வந்திருக்கலாம் என்றார். அவர் சொன்னது 'வந்திருக்கலாம்' என்றுதான். அது நம் தெருவுக்குப் போய்ச் சேர்வதற்குள் 'வந்தது' ஆகிவிட்டது.

எதிர்வீட்டம்மாவை உனக்குத் தெரியுமே. "அந்த விடுதியை இழுத்து மூடுங்க, இல்லேன்னா தெருவே படுத்துடும்" என்று வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்துவிட்டார். நகராட்சி அதிகாரியும் தலையாட்டிவிட்டார். விடுதியில் இருப்பவர்கள் குழாயடிக்கு வந்தால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்களாம். இதைக் கேட்ட நெட்டை அதுவரை பேசிக்கொண்டிருந்தவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். எனக்குக் காய்ச்சலைவிட அதுதான் தாங்கவில்லை.

அம்மா பல வருஷமாகச் செய்வது இந்தக் கிருமிகளை வகை பிரிக்கிற வேலைதான் என்பது உனக்குத் தெரியும். பேன் காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல் என்று யாரும் திரும்பிப் பார்க்காத நோய்கள். பணக்காரர்களுக்கு வந்தால்தானே பத்திரிகையில் வரும் என்று புலம்புவாள். கட்டில் பக்கத்தில் வந்து நின்று எனக்கு விளக்கினாள், பேன் பரப்புகிற கிருமியும் உண்ணி பரப்புகிற கிருமியும் மைக்ராஸ்கோப்பில் ஒரே ஜாடை, பார்த்துச் சொல்ல முடியாது, உள்ளே இருக்கும் மரபணுவைப் படித்தால்தான் யார் எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியும். "சட்டையைப் பார்த்து எந்தத் தையக்காரர்னு சொல்ல முடியுமா? உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தாத்தானே தெரியும், அப்படி வெச்சுக்கோங்க" என்றாள். அதை மட்டும் நான் உடனே புரிந்துகொண்டேன்.

அதிகாரியிடம் போய், முடிவு வரும்வரை விடுதியைத் தொடாதீர்கள், காரணம் பேன்தானா, உண்ணியா என்று தெரியாமல் மூடினால் நோயும் போகாது, மனுஷர்களும் தெருவில் நிற்பார்கள் என்று வாதாடி அவகாசம் வாங்கினாள். ஆனால் என் ரத்தத்தை அவள் தொடவில்லை. புருஷன் ரத்தம் என்றால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும் என்று சொல்லி, எங்கள் இருவர் ரத்தத்தையும் பெயர் எழுதாமல், தன்னோடு வேலை செய்யும் இளம்பெண்ணிடம் கொடுத்துவிட்டாள். எனக்குக் கொஞ்சம் பெருமை, கொஞ்சம் வருத்தம்.

இதற்கிடையில் மாத்திரை ஆரம்பித்தார்கள். கிருமி சாகும்போது முதலில் உடம்பு இன்னும் மோசமாகும், பயப்படாதீர்கள் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். சொன்னதால் மட்டும் பயம் போகுமா? மத்தியானம் வந்த நடுக்கத்தில் கட்டில் கடகடவென்று ஆடியது, அம்மா என் இரண்டு பாதங்களையும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் நெட்டை இந்தப் பக்கம் திரும்பி, "அண்ணே, இன்னும் கொஞ்சம் ஆட்டினீங்கன்னா கட்டிலோட வீட்டுக்கே போயிடலாம்" என்றார். சிரிப்பும் நடுக்கமும் சேர்ந்து வந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். சாயங்காலத்துக்குள் காய்ச்சல் இறங்கியது, பிறகு வரவேயில்லை. நெட்டைக்கும் அப்படியே குணமானது.

முடிவும் வந்தது. இருவர் ரத்தத்திலும் ஒரே வகைக் கிருமி, பேனுடையது இல்லை, உண்ணியுடையது. நாங்கள் இருவரும் சேர்ந்து படுத்த இடம் எது என்று அம்மா யோசித்திருக்கிறாள். அந்தப் பெண்ணும் அவளும் கையுறை போட்டுக்கொண்டு நம் மாடியறைச் சுவர்ப் பலகையைப் பெயர்த்தால் பின்னால் எலிக்கூடு, கூட்டைச் சுற்றி விரிசலெல்லாம் உண்ணி. தூங்குகிறவர்களைக் கடித்துவிட்டு உடனே விரிசலுக்குள் போய்விடுமாம், கடிபட்டதே தெரியாதாம். அதன் உள்ளே இருந்த கிருமியையும் படித்தார்கள், எங்கள் ரத்தத்தில் இருந்ததேதான். தரையில் ஒரு முடி கிடந்தால் என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறவள் உன் அம்மா. அவள் முகத்தை அன்றைக்கு நீ பார்த்திருக்க வேண்டும்.

அவள் நினைத்திருந்தால் விடுதி காரணம் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். நகராட்சிக் கூட்டத்தில் தெருக்காரர்கள் அத்தனை பேர் முன்னால் எழுந்து, "பூச்சி எங்க வீட்டுது. அந்த மனுஷருக்குக் காய்ச்சல் வந்ததே எங்க வீட்டுல படுத்ததாலதான்" என்றாள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன். விடுதி திறந்தே இருக்கிறது. மாடியறையை மருந்தடித்து, ஓட்டைகளை அடைத்து, புதுப் பலகை போட்டாகிவிட்டது. கொஞ்ச நாள் நம் வீட்டுக்கு யாரும் வரவில்லை, அம்மா அதைக் கண்டுகொள்ளவும் இல்லை.

நேற்று எதிர்வீட்டம்மா வாசலில் நெட்டையை நிறுத்தி, தன் வீட்டுக்கும் பெயிண்ட் அடித்துத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். இவர் நிதானமாக, "அடிக்கலாம்மா, ஆனா முதல்ல எங்க அக்கா வந்து உங்க மாடியைப் பார்க்கட்டும், எனக்குத் திரும்பக் காய்ச்சல் வந்தா தாங்காது" என்றாராம். அக்கா என்று அவர் சொல்வது அம்மாவைத்தான். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், அந்தம்மா இன்று காலையில் டார்ச் லைட்டோடு வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். இன்னும் இருவரும் திரும்பவில்லை.

மலையில் பழைய மரவீடு எடுத்துத் தங்கப்போவதாக எழுதியிருந்தாய். போய்விட்டு வா, ஆனால் எலி நடமாட்டம் தெரிந்தால் அங்கே படுக்காதே, வந்த பிறகு காய்ச்சல் கண்டால் எங்கே படுத்தாய் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல். மாப்பிள்ளையையும் வேளைக்குச் சாப்பிடச் சொல். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா