சத்தம் போடாத மவுஸ்

ஜூன் 3

மவுஸ் இன்று முழுவதுமாகக் கைவிட்டது. கம்ப்யூட்டர் விளையாட்டில் ஒருமுறை அழுத்தினால் இரண்டுமுறை சுடுகிறது. பதுங்கியிருந்த நானே சுட்டு என் இடத்தைக் காட்டிக்கொடுத்தேன். ஹெட்போனில் பெபிங்கின் குரல்: "டாடோ, உனக்குக் கை நடுங்குதா, மூளை நடுங்குதா?" கப்பலில் சமையற்காரனாக இருந்த காலமெல்லாம் சோற்றைக் குழையவிட்டவன் என்னைக் கேட்கிறான்.

ஹெட்போனைக் கழற்றினால் மிலாவின் குரல். முன்னறைதான் அவளுடைய மளிகைக்கடை, நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. "அந்த டிக் டிக் ஒழிஞ்சாச் சரி. நாள் பூரா பல்லி மாதிரி. உள்ள என்ன தச்சு வேலையான்னு வர்றவங்க கேக்கறாங்க."

கட்டிய கணவனைப் பல்லி என்கிறாள். எழுதி வைக்கிறேன்.

ஜூன் 4

துபாயிலிருந்து மகள் பேசினாள். "வயர் இல்லாததா ஒண்ணு வாங்கி அனுப்பறேன்பா."

வேண்டாம் என்றேன். சண்டையின் நடுவில் பேட்டரி தீர்ந்துபோனால் யார் பொறுப்பு? கப்பலின் என்ஜின் அறையில் வேலை பார்த்தே எல்லாம் கற்றவன் நான், எந்தப் பள்ளியும் சொல்லித் தரவில்லை. வயர் இருந்தால் பழுது எங்கே என்று தடவிக் கண்டுபிடிக்கலாம். காற்றில் வருவதை எங்கே தடவுவது?

"நீங்க மாறவே மாட்டீங்க."

மாற்ற வேண்டியது மவுஸை. என்னை இல்லை.

ஜூன் 6

மழையில் ஜீப்னி வண்டி ஏறி இலோய்லோ நகரத்துக்குப் போனேன். கடைக்காரப் பெண் எடுத்த எடுப்பிலேயே, "தாத்தா, பேரனுக்கா?" என்றாள்.

"எனக்கு."

"ஆபீஸ் வேலைக்கா?"

"ஆளைச் சுடறதுக்கு."

அதற்குப் பிறகுதான் உட்கார நாற்காலி போட்டாள்.

முதலில் காட்டியது முதுகெல்லாம் தேன்கூடு போல ஓட்டை. எடை குறையவாம். தூக்கினால் காலி தீப்பெட்டி மாதிரிதான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் என் வீட்டு முன்னறையில் சர்க்கரை விற்கிறார்கள். ஒரே வாரத்தில் எறும்பு குடிவந்துவிடும் என்றேன். சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

அடுத்தது கட்டைவிரல் பக்கம் மட்டும் பன்னிரண்டு பொத்தான், வயிற்றில் கிறிஸ்துமஸ் விளக்கு. சென்சார் வேகம் இருபத்தாறாயிரம் வரை என்று பெட்டியில் கொட்டை எழுத்து. நான் எண்ணூறைத் தாண்டியதே இல்லை. கூரை ஏற எதற்கு வானம் வரை ஏணி? அதன் வயரோ தடித்த விறைப்பு வயர், மேசை விளிம்பில் மடங்கிக் கையைப் பின்னால் இழுக்கிறது. வயர் உள்ளது வேண்டும் என்றால் எந்த வயரும் சரி என்று அர்த்தமில்லை.

மூன்றாவதுதான் மவுஸ். சாதாரணக் கறுப்பு. உள்ளங்கையில் போய் உட்கார்ந்துகொண்டது. பக்கத்தில் இரண்டே பொத்தான். துணி சுற்றிய வயர், இருப்பதே தெரியவில்லை. இதிலும் இரண்டு வகை: அழுத்தினால் டக்கென்று கேட்பது ஒன்று, சத்தமே போடாதது ஒன்று.

"சத்தமில்லாதது விரலுக்கு மெத்துனு இருக்கும், தாத்தா. வெளையாடறவங்க டக்குனு கேக்கறதத்தான் எடுப்பாங்க."

அவள் சொன்னது சரிதான். இரண்டையும் மாறி மாறி அழுத்திப் பார்த்தேன். பிறகு சத்தமில்லாததை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மிலாவுக்காக. அதை அவளிடம் சொல்வதாக இல்லை.

ஜூன் 7

மெத்தென்றுதான் இருக்கிறது. பொறுத்துக்கொள்கிறேன். வீடு அமைதி. அவளே கவனித்து ஒரு நல்ல வார்த்தை சொல்லட்டும்.

ஜூன் 8

நல்ல வார்த்தை வரவில்லை. மிலா வந்தாள். மதியம் முழுக்க வந்துகொண்டே இருந்தாள். முதலில் கத்தரிக்கோலைக் காணோம் என்று. அது அவள் கையிலேயே இருந்தது. பிறகு அவித்த வாழைப்பழம். பிறகு இன்றைக்கு என்ன தேதி என்று. ஒவ்வொரு தடவையும் தோளில் கை வைத்துவிட்டுப் போகிறாள். ஒவ்வொரு தடவையும் விளையாட்டில் நான் செத்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

பந்தய நாள். கடைசிச் சுற்றில் என் காதிலிருந்து ஹெட்போனை இழுத்து, "மாத்திரை போட்டியா?" என்றாள். தோற்றோம்.

பெபிங் சொல்கிறான்: "அடுத்த வாரம் உனக்குப் பதிலா உன் பொண்டாட்டிய எறக்கறேன். அவ குறி தப்பறதே இல்ல."

எனக்குத் தெரியும் இது என்னவென்று. ஜனவரியில் இதே நாற்காலியில் நெஞ்சடைத்துச் சாய்ந்தேன். ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பியதிலிருந்து இந்த விளையாட்டை விடு என்கிறாள். சொல்லிப் பார்த்து நடக்கவில்லை, இப்போது வாழைப்பழத்தோடு படையெடுக்கிறாள்.

விடமாட்டேன்.

ஜூன் 11

கேட்டுவிட்டேன். கொஞ்சம் கத்தித்தான் கேட்டேன். உனக்காகத்தானே விரலுக்கு ஒவ்வாத மவுஸை வாங்கினேன்? சத்தம்தான் நின்றுவிட்டதே, இன்னும் என்ன குறை?

மிலா அரிசி அளந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நின்னுச்சே, அதான் கொறை."

புரியவில்லை என்றேன்.

"அன்னிக்கும் நின்னுச்சு. நீ தூங்கிட்டேன்னு நெனச்சேன். அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. வந்தவங்களுக்கு சோப்பு வித்துட்டு, கதை பேசிட்டு இருந்தேன். அப்பறமாத்தான் சோத்துக்குக் கூப்பிட உள்ள வந்தேன்."

அரிசியை மறுபடி சாக்கிலேயே கொட்டினாள். அளந்தது மறந்துவிட்டது போல.

"நீ டிக் டிக்னு இருந்தா நான் கடையப் பாப்பேன். இல்லன்னா வந்து உன்னப் பாப்பேன். நீ கத்தினாலும் வருவேன்."

"பல்லின்னு திட்டினியே?"

"திட்டினா? பல்லிய யாராச்சும் வீட்ட விட்டுத் தொரத்தறாங்களா?"

உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

கப்பலில் அத்தனை இரைச்சலிலும் குழந்தை மாதிரி தூங்குவோம். என்ஜின் நின்றால்தான் விழிப்போம். யாரும் எழுப்ப வேண்டாம், எல்லாரும் எழுந்து உட்கார்ந்திருப்போம். அது எனக்கு ஏன் ஞாபகம் வரவில்லை — கடலில் அத்தனை வருடம் எதற்கு இருந்தேன்?

ஜூன் 12

மறுபடி இலோய்லோ. டக்கென்று கேட்கிற வகையில் கடையில் இருந்த மூன்றையும் காதருகே வைத்து அழுத்திப் பார்த்தேன். அதிகம் கேட்டதை எடுத்தேன்.

"சத்தம் பத்தலன்னு வந்த மொத ஆள் நீங்கதான், தாத்தா," என்றாள் அந்தப் பெண்.

விரலுக்கு மெத்தென்று இருந்தது, அதனால்தான் என்றேன். அதுவும் உண்மைதானே.

மிலாவிடமும் அதையேதான் சொன்னேன். "சரி, விரலுக்குத்தான்," என்றாள்.

ஜூன் 16, ஞாயிறு

தோற்றோம். காரணம் நான்தான் என்கிறான் பெபிங். மறுக்கவில்லை.

மதியம் முழுக்க மிலா ஒருமுறைகூட உள்ளே வரவில்லை. "பல்லி முழிச்சிருச்சு," என்று கடைக்கு வந்த யாரிடமோ சொன்னது மட்டும் கேட்டது. இப்போது ஹெட்போனை ஒரு காதில்தான் மாட்டுகிறேன்.

கடைசிச் சுற்றில் ஒரு சுவருக்குப் பின்னால் பதுங்கிக் காத்திருந்தேன். விரல் அசையக்கூடாத நேரம். அப்போது தடுப்புக்கு அந்தப் பக்கம் மிலாவின் செருப்புச் சத்தம். நெருங்கி வந்து நின்றது.

சுடுவதற்கு எதிரே யாரும் இல்லை. இருந்தும் இரண்டுமுறை அழுத்தினேன்.

எதிரிகளுக்கு என் இடம் தெரிந்துபோனது. செருப்பு கடைப்பக்கம் திரும்பி நடந்தது.