முப்பத்தொன்றாம் பக்கம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையில் கும்பிட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம், அப்பாவுக்குப் படி ஏறும்போது முட்டி வலிக்கிறது, இறங்கி வந்த பிறகு அதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, மற்றபடி குறை இல்லை. சமையலறைக் குழாயில் ஒழுகுவது நின்றது. பக்கத்து வீட்டில் மாடி எடுக்கிறார்கள், துணி காயப்போட முடியவில்லை, ஒரே சிமெண்டுத் தூசி. போனில் சொல்ல வேண்டியதைக் கடிதத்தில் எழுதுகிறாளே என்று நினைக்காதே. போனில் நான் இந்தப் பேச்சை எடுத்தாலே ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவிட்டு, மீட்டிங் இருக்கும்மா, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுகிறாய், மூன்று முறை ஆயிற்று. காகிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது, குறைந்தது மடிக்கவாவது வேண்டும்.

உன் பள்ளிக்கூடத்தைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு கட்டுரை இருப்பதும் அதை ஆறு வருஷமாக நான் பார்த்துக்கொள்வதும் உனக்குத் தெரியும். மத்தியானம் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு ஒரு மணி நேரம், அவ்வளவுதான். யாரும் சொல்லித் தரவில்லை, உதவிப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்து நோட்டில் எழுதி வைத்துக் கற்றுக்கொண்டேன். தலைமையாசிரியை ஆள் வைத்து ‘ஈடு இணையற்ற கல்விக்கூடம்’ என்று எழுத வைப்பார், நான் ‘உயர்நிலைப் பள்ளி’ என்று ஆக்குவேன். பரீட்சை முடிந்த மறுநாள் பையன்கள் புகுந்து வேதியியல் வாத்தியாரைக் கழுதை என்று எழுதுவார்கள், அதையும் எடுப்பேன், கழுதை என்பதற்குச் சான்று இல்லை என்று காரணம் போட்டேன், அப்பா அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சிரித்தார். ஆய்வகம் எத்தனை, கட்டடம் எந்த வருஷம், பிள்ளைகள் எத்தனை பேர், எதையும் தாளில் பார்க்காமல் எழுதியதில்லை. வீட்டுக் கணக்கிலேயே சீட்டு இல்லாத செலவை எழுதாதவள் நான், ஊர்ப் பிள்ளைகள் படிக்கிற இடத்தில் எழுதுவேனா என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெருமைக்குத்தான் கடவுள் இப்போது போட்டார் ஒரு போடு.

ஒரே ஒரு வரி சீட்டு இல்லாமல் எழுதினேன். கட்டுரையில் நான் எழுதிய முதல் வரியே அதுதான். புகழ்பெற்ற மாணவர்கள் என்ற தலைப்பின் கீழே உன் பெயரைப் போட்டு, இறுதித் தேர்வில் மாவட்டத்திலேயே முதலிடம் பெற்றவர் என்று எழுதினேன். தெரியாமல் எழுதவில்லை. பரிசளிப்பு அன்று நான் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன், முதலில் கூப்பிட்டது தையல்காரர் மகளை, இரண்டாவதுதான் உன்னை, மூன்றே மதிப்பெண் வித்தியாசம். தையல்காரர் எனக்குப் பக்கத்து நாற்காலியில், மகள் பெயரைக் கேட்டதும் எழுந்த வேகத்தில் மூக்குக் கண்ணாடியைக் கீழே போட்டுவிட்டார், நான்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நீ எனக்குப் பத்தடி முன்னால் நடந்தாய். மறுநாள் உன் அத்தை கேட்டபோது பிள்ளை முகம் வாடக் கூடாதே என்று முதல் என்று சொல்லிவிட்டேன். நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாய், இல்லை என்று சொல்லவில்லை. அப்படி ஆரம்பித்தது, பிறகு யாருக்கு எதைச் சொன்னோம் என்று நினைவு வைத்துக்கொள்வதைவிட எல்லாருக்கும் அதையே சொல்வது சுலபமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து விதிகளை எல்லாம் படித்து முடித்ததும் மனசு உறுத்தி அந்த வரியை எடுத்தேன். அதற்குள் பள்ளியின் ஐம்பதாம் ஆண்டுக்குப் பத்திரிகையில் நான்கு பக்கம் போட்டிருந்தார்கள், எழுதிய ஆள் அலையச் சோம்பல்பட்டு இணையக் கட்டுரையைப் பார்த்து என் வரியை அப்படியே இறக்கிவிட்டான். நான் எடுத்த மறு வாரம் யாரோ அந்தப் பத்திரிகையைச் சான்றாகக் காட்டி வரியைத் திரும்ப வைத்துவிட்டார்கள். நான் சொன்ன பொய்க்குப் பத்திரிகை சாட்சி, பத்திரிகைக்கு நான் சாட்சி. அன்றைக்கே சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. நான் எடுத்தாயிற்று, வைத்தது நான் இல்லை என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன், உள்ளுக்குள் இனிக்கவும் செய்தது. எத்தனையோ முறை அந்தப் பக்கத்தைத் திறந்து மற்றவர்கள் எழுதியதில் பொய் தேடினேன், உன் வரிமேல் மட்டும் கண்ணை ஓட்டிக்கொண்டு போய்விடுவேன்.

போன மாதம் மாணவர் எண்ணிக்கை கேட்கப் பள்ளிக்குப் போனேன். தையல்காரர் மகள் அங்கேதான் ஆய்வக உதவியாளர், ஒன்பது வருஷமாகத் தற்காலிகம். இப்போது நிரந்தர வேலைக்கு மனு போட்டிருக்கிறாள், அதில் மாவட்ட முதலிடம் என்று எழுதியிருக்கிறாள். தலைமையாசிரியை இணையத்தில் பார்த்திருக்கிறார். என்னைக் கண்டதும், வாங்கம்மா, உங்க பையன் வாங்குன இடத்தை இவ தன்னோடதுன்னு எழுதியிருக்கா பாத்தீங்களா, பொய்த் தகவல்னு குறிப்பு எழுதித்தான் மேல அனுப்பணும் என்றார். அவள் அங்கேயேதான் நின்றாள், கையில் கண்ணாடிக் குடுவையும் துணியும். என்னைப் பார்த்தாள், நீங்கதானே அன்னிக்கு எங்கப்பா கண்ணாடியை எடுத்துக் குடுத்தீங்க என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை, பிறகு குடுவையைத் துடைக்கப் போய்விட்டாள். நான் எண்ணிக்கையைக் கேட்காமலே வந்துவிட்டேன்.

வந்த அன்றைக்கே கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினேன், வரியையும் எடுத்தேன். தன் முகத்துக்குப் பதில் கொக்குப் படம் வைத்துக்கொண்டு ஒருவர் அங்கே மேற்பார்வை பார்க்கிறார், நல்ல மனிதர்தான், அரை மணியில் வரியைத் திரும்ப வைத்துவிட்டு, தங்களை மதிக்கிறேன், ஆனால் அச்சான சான்று உள்ளது, அதை மறுக்க அச்சான சான்று வேண்டும், தாங்கள் இவருக்கு என்ன உறவு என்று கேட்டார். அம்மா என்று போட்டேன். நெருங்கிய உறவினர் இதில் கை வைக்காமல் இருப்பதே முறை என்றார். விதி எனக்கும் தெரியும், அதே விதியைக் காட்டி எத்தனை பேரை நான் வெளியே அனுப்பியிருக்கிறேன். பத்திரிகைக்கு எழுதினேன், சம்பந்தப்பட்டவர், அதாவது நீ, எழுதித் தந்தாலோ அந்தக் காலத்து அச்சு ஆதாரம் கிடைத்தாலோ திருத்தம் போடுவார்களாம். கல்வி அலுவலகத்தில் அந்த வருஷத்துக் கோப்புக் கட்டெல்லாம் தண்ணீர் புகுந்து கூழாகிவிட்டது. அவளிடம் இருக்கிற மதிப்பெண் தாளில் மதிப்பெண்தான் இருக்கிறது, இடம் இல்லை. கடைசியில் தலைமையாசிரியையிடமே நேரில் போய், எழுதியது நான், பொய் என்னுடையது என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு பெரிய மனசும்மா உங்களுக்கு, ஒரு ஏழைப் பொண்ணுக்காகப் பெத்த பிள்ளை பேரையே விட்டுக்குடுக்குறீங்க என்கிறார். பொய் சொன்னபோது ஊரே நம்பியது, உண்மை சொன்னால் தியாகி என்கிறார்கள். பெத்த பிள்ளை மேலயே மனு போட்ட ஒரே தாய் நீதான்டி என்று அப்பா சொல்கிறார், இந்த முறை சிரிக்கவில்லை.

அச்சான சான்று ஒன்றுதான் இருக்கிறது, அந்த வருஷத்துப் பள்ளி ஆண்டு மலர், அதில் முப்பத்தொன்றாம் பக்கத்தில் மாவட்ட இடம் பெற்றவர்கள் பட்டியல். பள்ளி நூலகத்தில் இல்லை, தையல்காரர் வீட்டுப் பிரதி கடையை மாற்றியபோது போய்விட்டது. நம் வீட்டுப் பிரதியில் உன் கட்டுரை வந்திருக்கிறது என்று, நீ வேலைக்கு வெளியூர் புறப்பட்டபோது உன் பெட்டியில் நானே வைத்தேன். முதல் முறை கேட்டபோது தேடுறேம்மா என்றாய். இரண்டாம் முறை, யாரும்மா இதையெல்லாம் பாக்கப் போறா, விடுங்க என்றாய். மூன்றாம் முறை, வீடு மாறும்போது தொலைஞ்சு போச்சு என்றாய். சரி, என் பாவம் அவ்வளவுதான் என்று நம்பிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை மருமகள் குழந்தையின் பிறந்தநாள் படம் அனுப்பினாள். பிள்ளை கன்னத்தில் கேக்கோடு நிற்கிறான், சுற்றிப் போடத்தான் ஆள் இல்லை, அவ்வளவு அழகு. அவன் தலைக்குப் பின்னால் அலமாரி, மேலிருந்து இரண்டாவது தட்டு, உலக உருண்டைக்கு இடப்பக்கம், பச்சை முதுகு, அதில் வெள்ளைச் சீட்டு. சீட்டு ஒட்டியது நான், வருஷத்தை எழுதியது நான், என் ஏழு கொக்கி மாதிரி இருக்கும் என்று நீதான் கேலி செய்வாய். தொலைந்த புத்தகத்தைத் தூசி இல்லாமல் வைத்திருக்கிறாய்.

உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. விதைத்தவள் நான். உன் வேலை, வீடு, மரியாதை எதுவும் அந்த ஒரு வரியில் தொங்கவில்லை, அவளுக்கோ ஒன்பது வருஷம் தொங்குகிறது, அது உனக்குத் தெரிந்தும் என்னிடம் தொலைந்தது என்றாய் பார், அதுதான் ஆறவில்லை. இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி அவளுக்கு நேர்முகம், இருபதாம் தேதிக்குள் கோப்பு மேலே போகிறது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு, பத்தொன்பதாம் தேதி வரை காத்திருப்பேன். வராவிட்டால் என் குற்றத்தை முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கல்வி அலுவலகத்தில் கொடுத்துவிடுவேன், அதில் மலர் யாரிடம் இருக்கிறது என்பதும் இருக்கும். மிரட்டல் இல்லை, கணக்கில் ஒரு பக்கத்தை மட்டும் எழுத எனக்கு வராது.

சாமியிடம் உனக்காகக் கேட்பதில் எதையும் குறைக்கவில்லை, குறைக்கவும் மாட்டேன். மூவரும் நீண்ட ஆயுளோடு இருங்கள். குழந்தைக்கு இருமல் என்று மருமகள் சொன்னாள், ராத்திரி மின்விசிறிக்கு நேராகப் படுக்க வைக்காதீர்கள், நீயும் வேளைக்குச் சாப்பிடு. மறக்காதே, முப்பத்தொன்றாம் பக்கம், பகல் வெளிச்சத்தில், நான்கு ஓரமும் தெரியும்படி ஒரே படமாக எடு. முதல் பெயர் அவளுடையது, கீழே உன்னுடையது, உன் பெயரை வெட்டிவிடாதே. இரண்டாவதாக வந்த பிள்ளையை அன்றைக்கு நான் கட்டிப்பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்திருக்க வேண்டும்.

அந்தக் கொக்குக்காரரிடம், கீழே நான் கையெழுத்தாகப் போடுகிற சொல் சான்றாகவில்லை. உன்னிடமாவது ஆகிறதா பார்க்கிறேன்.

உன்
அம்மா