ஐந்து மடிப்பு டம்ளர்

டீச்சர்,

போன வாரம் என் பேத்தி பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாக, பழுப்புக் காகிதத்தில் மடித்த ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்துவந்து என்னிடம் நீட்டினாள். கோடைக்காலக் கைவேலையாம், விசிறி, தொப்பி, டம்ளர் என்று மூன்று செய்திருந்தாள். நான் அதைத் தட்டிவிட்டேன். நனைந்த பழுப்புக் காகிதத்தின் வாசனை மூக்கில் ஏறியதும் கை தானாகப் போயிற்று. குழந்தை அழுதாள். மருமகள் ஓடிவந்து என்ன என்று கேட்டாள். "கை தவறிடுச்சு" என்றேன். அது பொய்.

நீங்கள் காலமாகி நாற்பது நாள் ஆகப்போகிறது. நீங்கள் இருந்தபோதே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. எழுதாததற்கு ஒரே காரணம் பயம்.

எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலத்து மே மாதம் அது. கோடை விடுமுறைக்காக நீதிமன்றம் மூடியிருந்ததால் நான் பகலெல்லாம் வீட்டில் இருந்தேன். எதிரே உங்கள் பால்வாடி. வெயிலில் பிள்ளைகளை வெளியே விட முடியாதென்று, பழைய செய்தித்தாளை வைத்து அவர்களுக்கு மடிக்கக் கற்றுக்கொடுத்தீர்கள். முன்னும் பின்னும் மடித்தால் விசிறி. கூம்பாக மடித்தால் வெயில் தொப்பி. சதுரத்தைக் குறுக்கே மடித்து, இரண்டு முனைகளை எதிரெதிரே செருகி, மேலே நின்ற இரண்டு காதுகளையும் பக்கத்துக்கொன்றாக மடக்கினால் மோர் குடிக்க டம்ளர்.

"அஞ்சு மடிப்புதான் சார். அதுக்கு மேல போனா எனக்கே மறந்துடும், பசங்களுக்கு இன்னாத்த சொல்லிக் குடுக்கறது?" என்று சிரித்தீர்கள். செய்தித்தாள் டம்ளர் மோர் ஊற்றியவுடன் பிய்ந்துபோகிறது, கெட்டிக் காகிதம் கிடைத்தால் தேவலை என்றும் சொன்னீர்கள். நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் கொண்டுவருவதாகச் சொன்னேன். இதைத் தெளிவாகப் பதிவுசெய்ய விரும்புகிறேன்.

பூச்சிமருந்து தயாரித்த ஒரு தொழிற்சாலைக்கு நான் அப்போது சட்ட ஆலோசகன். அங்கே மருந்துப் பொடி வந்திறங்கும் மூட்டைகள் நான்கு அடுக்குப் பழுப்புக் காகிதத்தால் ஆனவை. உள்ளடுக்கில் மட்டுமே பொடி படும். நடு அடுக்குகள் புதிது போலவே இருக்கும். எரிக்கப் போட்டிருந்த மூட்டைகளிலிருந்து நடு அடுக்குகளை மட்டும் பிரித்துத் தரச் சொல்லி ஒரு தொழிலாளியிடம் கேட்டு வாங்கினேன். பெயர் அச்சிட்ட வெளித்தாள் ஒன்றுகூட வர வேண்டாம் என்றேன். என் கட்சிக்காரரான தொழிற்சாலையின் பொருளை எழுத்து மூலமான அனுமதியின்றி எடுப்பதால் அந்த எச்சரிக்கை.

கட்டோடு நான் தெருவைக் கடந்தபோது வாசலில் நின்றிருந்தீர்கள். "இன்னா வக்கீல் சார், கேஸ் கட்டா? எங்க பசங்கள்ல யார உள்ள தள்ளப் போறீங்க?" என்றீர்கள். பிரித்து, மூட்டைக் காகிதம் என்று கண்டதும் உங்கள் குரல் மாறியது.

"சுத்தமா கீதா சார்? வாயில வெக்கிற பொருளு."

"நான் பார்த்துட்டேன். சுத்தம்தான்" என்றேன்.

மேலே இருந்த நான்கைந்து தாள்களைத்தான் பார்த்திருந்தேன். ஒரு பத்திரத்தை மூன்று முறை படிக்காமல் கையெழுத்திட விடாதவன் நான். அந்தக் கட்டை ஒரு முறைகூட முழுமையாகப் புரட்டவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு மோர் ஊற்றினீர்கள். கன்னியம்மாவுக்கு நான்கு வயது. "டீச்சர், என்தில ஓட்டையே இல்ல பாரு!" என்று அவள் கத்தியது என் அறைவரை கேட்டது. அந்தப் பெருமையிலேயே மூன்று முறை வாங்கிக் குடித்தாளாம். அரை மணி நேரத்தில் நீங்கள் என்னைக் கூப்பிட்ட குரலை இன்றும் கேட்கிறேன். ஓடிவந்து பார்த்தால் குழந்தையின் வாயில் எச்சில் நிற்காமல் வழிகிறது, உடம்பெல்லாம் வியர்வை, கண்ணின் பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிவிட்டது. நசுங்கிக் கிடந்த அவளுடைய டம்ளரைப் பிரித்தேன். மடிப்பின் இடுக்கில் வெள்ளையாகப் பொடி ஒட்டியிருந்தது. உள்ளடுக்குத் தாள் ஒன்று கட்டில் கலந்து வந்திருந்தது.

நெடுஞ்சாலையில் நீங்கள் மறித்து நிறுத்திய லாரியின் ஓட்டுநர் ஆந்திராக்காரர். "ஏறு நைனா, சீக்கிரம்!" என்று என்னைக் கைபிடித்துத் தூக்கினார். வழியில் கழனி வேலையிலிருந்த குழந்தையின் தாயும் ஏறிக்கொண்டார். "ஐயோ டீச்சர், எம்பொண்ணுக்கு இன்னாத்தக் குடுத்த? மூச்சு இசுக்குதே!" என்று உங்கள் தோளைப் பிடித்து உலுக்கினார். நீங்கள் குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தீர்கள். நான் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை நீங்கள் சொன்னதும் டாக்டர் கேட்டார்: "எந்த மூட்டைக் காகிதம்? என்ன மருந்து? அது தெரியாம நான் எதைப் போடறது?"

அந்தப் பெயர் எனக்கு மட்டுமே தெரியும். ஏனெனில் வெளித்தாள் வர வேண்டாம் என்று சொன்னவன் நான். சொன்னால் எடுத்தது யார் என்ற கேள்வி வரும், தொழில் போகும், வழக்கு வரும், குழந்தை இறந்தால் எந்தப் பிரிவின் கீழ் வரும் என்பதுவரை என் மூளை போய்விட்டது. மேசைமேல் அந்தக் குழந்தையின் மார்பு விட்டு விட்டு ஏறி இறங்குகிறது. நான் வாய் திறக்கவில்லை.

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு எனக்கு முன்னால் வந்து நின்றீர்கள்.

"நான்தான் எடுத்தாந்தேன் டாக்டர். எம்மேலதான் தப்பு. மூட்டையில இங்கிலீசுல எழுதியிருந்திச்சு, எனக்குப் படிக்கத் தெரியல. வக்கீல் சார் பாத்தாரு. அவரு சொல்லுவாரு."

அதற்குப் பிறகுதான் பெயரைச் சொன்னேன். டாக்டர் ஊசி போட்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்காது என்று மாலையில் சொன்னார். அந்தக் கொஞ்சத்தில் எவ்வளவு என்னுடையது என்று அவரிடம் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

விசாரணைக்கு உங்களை விளக்கம் எழுதித்தரச் சொன்னார்கள். "நீங்களே எழுதுங்க சார், எனக்கு இந்த ஆபீஸ் தமிழெல்லாம் வராது" என்றீர்கள். உண்மையை எழுதட்டுமா என்று கேட்டேன். அந்தக் கேள்வியையே நான் எவ்வளவு மெதுவாகக் கேட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

"உங்க கருப்புக் கோட்டு பூட்ச்சின்னா உங்க ரெண்டு பசங்களும் தெருவுல நிக்கும். எனக்கு இன்னா, தனிக்கட்ட. எழுதுங்க."

'மேற்படி காகிதங்களை நானே எனது சொந்தப் பொறுப்பில் சேகரித்துப் பயன்படுத்தினேன்' என்று பிழையில்லாமல் எழுதினேன். நீங்கள் கையெழுத்திட்டீர்கள். பத்து நாளில் வேலை போயிற்று. ஆர்.கே.பேட்டையில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டீர்கள். பல வருடம் கழித்துத் திருவள்ளூர் பேருந்து நிலையத்தில் ஒரு முறை பார்த்தோம். "பொண்ணு நல்லா கீதா சார்?" என்று அதை மட்டும் கேட்டீர்கள். நல்லா இருக்கு என்றேன். உங்கள் பேருந்து வந்துவிட்டது.

உங்கள் மறைவுச் செய்தியை எனக்குக் கொண்டுவந்தது கன்னியம்மாதான். இப்போது அவளுக்கே பேரன் இருக்கிறான். போகும்போது சொன்னாள்: "எங்கம்மாவையும் சாவுக்குக் கூப்புட்டேன் சார். வரமாட்டேன்னுட்டாங்க. வெசம் குடுத்த கையி, அதுக்கு நான் மால போடணுமான்னு கேக்கறாங்க."

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை, டீச்சர். டாக்டரின் கேள்விக்கும் உங்கள் பதிலுக்கும் இடையே நான் நின்ற அந்த நேரம் முடியவே இல்லை. அதை இத்தனை வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

நாளைக் காலை அந்தத் தாயின் வீட்டுக்குப் போகிறேன். அவருக்குக் கண் மங்கிவிட்டதாம். ஆகவே இந்த மடலை நானே உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். வரச்சொல்லிக் கன்னியம்மாவிடமும் தகவல் அனுப்பிவிட்டேன், இனித் திரும்ப முடியாதபடி. பயமாக இருக்கிறது. இந்த முறை எனக்கு முன்னால் வந்து நிற்க நீங்கள் இல்லை.