பூனை குடித்த மிச்சத் தண்ணீர்

கல்முனை

மகளின் உம்மாவுக்கு, ஸலாம்.

கண்டியில் மகளுக்குப் பிரசவம் நெருங்கும் நேரத்தில் உன்னைக் குழப்பக்கூடாது என்று ஒழுங்காக எழுதுகிறேன்.

1. உன் பூனை தண்ணீர் குடிக்கிறது.
2. மிருக வைத்தியர் சொன்னது.
3. நீ வரும்வரை காத்திருப்பதே சரி.

முதலாவது. கிழட்டுப் பூனை இப்போது சூடை மீனையும் முகர்வதில்லை. தொழுகைக்கு முன் நான் கைகால் முகம் கழுவி வுளு எடுக்க வைக்கும் செம்பில் மட்டும் ஓயாமல் குடிக்கிறது. பூனை வாய்வைத்த தண்ணீர் சுத்தம்தான் என்று நீ சொல்வாய். மிச்சத்தில் வுளு எடுத்தேன். குடிப்பதால் தேறிவிடும் என்றும் நினைத்தேன்.

இரண்டாவது. "கிட்னி பழுதாப் போயிட்டு மாஸ்டர், அதான் இந்தத் தாகம். இனி நோவுதான். ஓம் எண்டு சொல்லுங்க, ஊசி போட்டா நித்திரையாப் போயிரும்" என்றார் வைத்தியர்.

"வீட்டுக்காரி வரட்டுமே" என்றேன்.

"பூனைக்கிட்டயும் ஒருக்காக் கேட்டுப் பாருங்க" என்றார்.

மூன்றாவதை எழுதுமுன் மதிய லுஹர் தொழுகைக்காகச் செம்பை வைத்தேன். பூனை தலையைத் தூக்கப் பார்த்தது; முடியவில்லை. விரலை நனைத்து வாயருகே வைத்தேன். நக்கவில்லை. செம்பு நிறைந்தபடியே இருந்தது. அதில் வுளு எடுத்துத் தொழுதேன்.

மேலே மூன்றாவதாக எழுதியது பிழை. ஓம் என்ற சம்மதச் சொல்லை நீ சொல்லட்டும் என்றே காத்திருந்தேன். பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு வைத்தியரிடம் அதை நானே சொல்வேன்.

உன் வீட்டிலிருந்து,
மகளின் வாப்பா