ஏரி நீர் எந்தப் பக்கம் போகிறது

தோழி,

இன்று காலை தெருக்குழாயில் வந்த நீரில் பிளீச்சிங் பவுடர் வாடை சற்று மிகுதியாக இருந்தது. குடம் நிரம்பும்வரை சும்மா நிற்க மனமின்றி, குழாய் திறந்துவிடும் பணியாளரிடம், "இது எந்த ஆத்துத் தண்ணிங்க?" என்று வினவினேன். "எங்கேர்ந்து வந்தா இன்னாம்மா? வருதா இல்லியா, அத்தப் பாரு" என்றார். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நீ இருந்திருந்தால் சிரித்திருக்கமாட்டாய். இடுப்புக் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, அவரை விடாமல் கேட்டிருப்பாய்.

நீ மலையில் பிறந்தவள். ஒரு பருவத்தில் கரும்பு வெட்டும் கூட்டத்தோடு கச்சிராயபாளையம் பக்கம் இறங்கி வந்தாய். கூட்டம் திரும்பியது, நீ திரும்பவில்லை. எங்கள் ஊரிலேயே தங்கி, என்னோடு கரும்புக் கொல்லைகளில் தண்ணீர் கட்டினாய். எங்கே வேலை செய்தாலும் குடிப்பதற்கு மட்டும் மேற்கு வெளியிலிருந்த ஒரு கிணற்றுக்கே நடந்து போவாய். காரணம் கேட்டபோது, "அது எங்க மல ஏரித் தண்ணிடி. மண்ணுக்குள்ளாறயே நடந்து வருது. எங்க வூட்டுத் தண்ணி எனக்குத் தெரியாதா?" என்றாய்.

நான் ஒப்பவில்லை. பள்ளிப் படியை மிதியாமல், பேருந்துப் பலகைகளையும் பஞ்சாங்கத்தையும் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவள் நான். கண்ணால் காணாத எதையும் ஏற்பதில்லை என்பதை ஒரு விரதமாகவே கொண்டிருந்தேன். "அப்போ வா, போய்ப் பாத்துடலாம்" என்றாய். சர்க்கரை ஆலை நின்று வேலை ஓய்ந்த ஒரு சித்திரையில், முதல் பேருந்தில் அடிவாரம் சேர்ந்தோம்.

நீ வெறுங்காலோடு முன்னே ஏறினாய். நான் செருப்போடு பின்னே தடுமாறினேன். "இன்னாடி வாத்தியாரம்மா, மூச்சு வாங்கறதுக்கு நல்ல நேரம் பஞ்சாங்கத்துல போட்டுருக்கா?" என்று சீண்டினாய். வழியெல்லாம் நான் கேள்வி கேட்டேன். இந்த உழவுக் கொல்லையில் என்ன விளையும், இது என்ன மரம், அந்தப் பறவை எதற்குக் கத்துகிறது. நீ ஒன்றுக்கும் சலிக்கவில்லை. "சாமை", "கடுக்கா மரம்", "அதுக்கு நம்மளப் பாத்தாப் புடிக்கல" என்று விடையளித்துக்கொண்டே நடந்தாய்.

உச்சிப் பொழுதுக்குச் சற்று முன் ஏரி தெரிந்தது. கோடையில் அது உள்ளே ஒதுங்கி, கரையைச் சுற்றிச் செம்மண் வெடித்துக் கிடந்தது. நீ ஓடிப்போய் முழங்கால் நீரில் நின்று, இரு கையாலும் அள்ளிக் குடித்தாய். "குடிச்சிப் பாருடி, அதே ருசி!" குடித்தேன். அதுதான் என்றும் சொல்ல இயலவில்லை; அது அன்று என்றும் சொல்ல இயலவில்லை.

ஆகவே எனக்குத் தெரிந்த வழியில் தேடினேன். நாம் இல்லாத நேரத்தில் கொல்லையில் தண்ணீர் எப்பக்கமாக ஓடியது என்பதைக் கரும்புத் தோகைச் சருகான சோகையைப் பார்த்தே அறிவோம் அல்லவா? தண்ணீர் வந்த பக்கத்தில்தான் கரும்புத் தூரோடு காய்ந்த சோகை ஒட்டிக்கொண்டிருக்கும். அவ்வாறே ஏரிக்கரைப் புதர்களைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள், "இன்னாம்மா, தாலி கீலி தொலச்சிட்டியா?" என்று கேட்டார். "இல்லீங்க, ஏரிக்கு வாசப்படி எங்க கீதுன்னு தேடிக்கினு கீறா" என்று நீ சொல்ல, இருவரும் சேர்ந்து சிரித்தீர்கள்.

வாசற்படியைக் கண்டேன். மழைக்காலத்தில் ஏரி நிரம்பி வழியும் தாழ்வு அது. அங்கிருந்த புதர்களில் சருகு முழுவதும் கிழக்குப் பக்கம் ஒட்டியிருந்தது. புல் மேற்கே படுத்திருந்தது. நீர் மேற்கே, சேலம் பக்கம் இறங்குகிறது. நம் ஊரோ கிழக்கே.

"இன்னாடி, கண்டுபுடிச்சியா?"

தெரியவில்லை என்று கூறியிருக்கலாம். அத்தனை ஆண்டுகள் அந்தக் கிணற்றில் நீ குடித்தது உன் பிறந்த வீட்டை என்பதை நான் அறிவேன். ஆயினும் கண்டதைக் கூறினேன்.

"அது மேல போற தண்ணி. அடியில போறது?"

"மேல எப்பிடியோ அடியிலயும் அப்பிடித்தான்" என்றேன். அதை நான் எங்கும் படித்திருக்கவில்லை. மெய்தானா என்று இன்றுவரை அறியேன்.

நீ அந்தத் தாழ்வில் நாலடி நடந்து, மேற்கே எட்டிப் பார்த்தாய். பிறகு, "தண்ணி அந்தாண்ட போனா போவட்டும். நான் இந்தாண்டதான வந்தேன்" என்றாய். கட்டிக்கொண்டு வந்த களியைப் பிரித்து, பெரிய பங்கை என் பக்கம் தள்ளினாய்.

மறுநாள் நண்பகலில் உன்னையே கவனித்துக்கொண்டிருந்தேன். அதே கிணற்றுக்குத்தான் போனாய். குடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, "அப்போ இது எங்கேர்ந்துதான்டி வருது? அதையும் ஒருநாள் பாத்துட்டு வரலாம்" என்றாய். அந்த ஒருநாள் நமக்கு வாய்க்கவில்லை.

சென்ற தை மாதம், நீ கண்மூடிய அன்று, உன்னைக் குளிப்பாட்டும்போது, நீர் ஊற்றிய பெண்ணொருத்தி என்னிடம் கேட்டாள்: "ஏங்க்கா, இவங்க எதுக்கு மலைய வுட்டு வந்தாங்க?" ஏரி நீர் எந்தப் பக்கம் போகிறது என்பதை அறிய வெயிலில் மலை ஏறியவள், நீ ஏன் இந்தப் பக்கம் இறங்கினாய் என்று ஒருமுறையும் கேட்டதில்லை. அன்று கரையில், "நான் இந்தாண்டதான வந்தேன்" என்று நீயே பேச்சை எடுத்துக் கொடுத்தாய். நான் புல் சாய்ந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன்னிடம் கேட்காத கேள்வி என்னிடமே தங்கிவிட்டது. இந்தப் பருவத்தில் கரும்பு வெட்ட வந்த வெளியூர்க் கூட்டத்தில், யாரோடும் ஒட்டாமல் தனியே அமர்ந்து உண்ணும் பெண்ணொருத்தி இருக்கிறாள். நேற்று அருகில் போய், "ஏம்மா இவ்ளோ தூரம் வந்த?" என்றேன்.

"வேலைக்குத்தாங்க."

"வேலைக்குன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. நீ ஏம்மா வந்த?"

அவள் கையிலிருந்த கத்தியைத் தரையில் வைத்துவிட்டு, நான் உட்கார இடம் விட்டு நகர்ந்தாள்.