மேலே போட்ட ரப்பர் மேட்

அனுப்புநர்:
(கடைசியில் நிரப்பலாம் என விட்டிருக்கிறேன்)

பெறுநர்:
வாகன ஆய்வு அலுவலர்,
மோட்டார் வாகன அலுவலகம்.

பொருள்: சாம்பல் நிறக் கார் தானாக வேகமெடுத்த விபத்து. ‘ஓட்டியவர் பெடலை மாற்றி மிதித்தார்’ என்ற தங்கள் அறிக்கையைத் திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதினான்கு மாதங்கள் வாய்மூடி இருந்துவிட்டேன். இனி முடியாது.

2. அன்று காலை காரை ஓட்டியவர் என் மனைவி. வீடு வீடாகச் சென்று, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் புண் கட்டிவிடும் செவிலியர். நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன். சந்தை முனையில், அவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் கார் சீறிப் பாய்ந்தது. “பிரேக்கை மிதி” என்று கத்தினேன். “மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றார். கியரை நியூட்ரலுக்குத் தள்ளியதும், கூட்டத்தை விட்டு விலக்கித் தூணில் மோதி நிறுத்தியதும் அவரே. பழவண்டிக்காரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. அவருக்கு முதல் கட்டுப் போட்டவரும் என் மனைவிதான்.

3. நான்காம் நாள் தாங்கள் காரைச் சோதித்தீர்கள். மூன்று நாற்காலிகள் காலியாக இருந்தும் என்னை நாற்பது நிமிடம் நிற்க வைத்தீர்கள். அதை நான் மறக்கவில்லை. பிறகு, “பெடல் எல்லாம் சரியாத்தான் இருக்கு சார். லேடீஸ் பதட்டத்துல மாத்தி மிதிச்சிடுவாங்க” என்றீர்கள். உடன் வந்த என் மைத்துனர் சிரித்தார். அவரையும் மறக்கவில்லை. நான் தலையசைத்தேன்.

4. தாங்கள் பார்த்தபோது பெடல் சரியாகத்தான் இருந்தது. காரோடு வந்த மேட் அழுக்காகிவிடுமே என்று, அதன் மேல் இன்னொரு ரப்பர் மேட்டை நானே கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டிருந்தேன். “ஒண்ணு மேல ஒண்ணு போடாதீங்க சார், வழுக்கிட்டுப் போய்ப் பெடல்ல மாட்டிக்கும்” என்றார் மெக்கானிக். புது மேட்டை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். விபத்தன்று மாலை கண்ணாடித் துகள்களை உதறுவதற்காக, நான் வெட்டிப் போட்ட மேட்டை வெளியே எடுத்தேன். முன் ஓரம் சுருண்டிருந்தது. அதில் ஆக்ஸிலரேட்டரின் விளிம்பு அழுந்தப் பதிந்திருந்தது. பார்த்தேன். சுருட்டி மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டேன்.

5. என் மனைவியின் உரிமம் ரத்தானது. இப்போது மருத்துவமனை வாசலில் டோக்கன் கொடுக்கிறார். முதலில் “நான் பிரேக்கைத்தான் மிதிச்சேன்” என்று சொல்லிவந்தவர், இப்போது “நான்தான் மாத்தி மிதிச்சிருப்பேன் போல” என்கிறார். வரும் திங்களன்று தங்களிடம் மறுதேர்வுக்கு வருகிறார். சாப்பாட்டு மேசை நாற்காலியில் அமர்ந்து, தரையில் இரண்டு செருப்புகளை வைத்து, வலது காலை மாற்றி மாற்றி வைத்துப் பழகுகிறார். “சரியா வைக்கிறேனா, பாத்துச் சொல்லுங்க” என்று என்னைத்தான் கேட்கிறார்.

6. ஆகவே, இத்துடன் உள்ள மேட்டைச் சோதித்து, அறிக்கையைத் திருத்தி, தவறு அவர் காலில் இல்லை என்பதைத் தேர்வுக்கு முன்பே அவரிடம் தாங்கள் சொல்ல வேண்டுகிறேன். நான் சொல்ல மூன்று முறை வாயெடுத்தேன்.

இடம்: தபால் நிலைய மேசை
நாள்: புதன்கிழமை

கையொப்பம்: பேனாவைத் திறந்து மூடிவிட்டேன். பெயரில்லாத மனு குப்பைக்குப் போகும் என்பது தெரியும். அதனால்தான் மேட்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிறேன். கையொப்பம் இடாமலே அனுப்புகிறேன். மேட்டை என் மனைவியிடம் காட்டுங்கள். கோணலாக வெட்டிய அந்த ஓரத்தைப் பார்த்தாலே, அனுப்பியது யார் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.